காரின்மேல் கட்டிய சைக்கிள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவிலிருந்து புறப்படும் கார்கள், ஆளுக்கு இரண்டு சைக்கிள்களை முதுகில் சுமந்து செல்கின்றன. மனிதரைச் சுமக்க வேண்டிய வண்டி இன்னொரு வண்டியின்மேல் ஏறிப் பயணம் போவது, நெதர்லாந்துக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆன பின்னும் எனக்குப் பழகவில்லை. இந்தக் கோடையில் நானும் கணவரும் அவ்வரிசையில் சேர்ந்தோம்.

சைக்கிளைக் காரில் ஏற்ற மூன்று வழிகள் உண்டென்று, தாங்கி விற்கும் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். இங்கு வாழும் நம்மவர்க்குப் பயன்படுமென்று எழுதுகிறேன். கூரைமேல் ஏற்றினால் பின்கதவு தடையின்றித் திறக்கும். ஆனால் கூரை தாழ்ந்த வாகன நிறுத்தகத்துக்குள் நுழைகையில், மேலே சைக்கிள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பின்கதவில் பட்டையால் மாட்டுவது மலிவு, கார் கீறுபடும். 'ட்ரெக்ஹாக்' எனும் இழுவைக் கொக்கியில் பொருத்தும் தாங்கியே உறுதியானது. அதற்கென்று தனி விளக்கும் எண்பலகையும் உண்டு. பழைய டியூபை வாராக அறுத்துக் கூரையில் கட்டினால் ஆகாதா என்று கேட்டேன். என் டியூப் கிழிந்துவிட்டதாக எண்ணி, அவர் பஞ்சர் ஒட்டும் பெட்டியை எடுத்து வந்தார். மறுக்கத் தெரியாமல் தாங்கியோடு அதையும் வாங்கிக்கொண்டேன்.

மயிலாடும்பாறைக்கு அப்பால் ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பில் நான் முதலாவதாக வந்ததற்கு அப்பா ஒரு சைக்கிள் வாங்கித் தந்தார். நான் மிதிக்க, தங்கை அமலி கேரியரில் அமர, மயிலாடும்பாறைப் பள்ளிக்குப் போய்வந்தோம். மதுரையில் கல்லூரி கிடைத்தபோது, என்னை ஏற்றிச் செல்ல வாடகை அம்பாசிடர் வந்தது. சைக்கிளும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டிக்கியில் பாதி நுழைத்து மூடியைக் கயிற்றால் கட்டலாம் என்றார் ஓட்டுநர். சக்கரம் நெளிந்துவிடும், மேலேயே போகட்டும் என்றார் அப்பா. அவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில் அமலி என்னருகே வந்தாள்.

"அங்கன மூலைக்கு மூலை டவுன் பஸ் ஓடுதாம்க்கா. இது இங்கன கிடக்கட்டுமே."

அது என் பரிசு என்றேன். கூரையில் சாக்கை விரித்து, டியூப் வாரை இழுத்திழுத்து அவளே கட்டினாள். கார் கிளம்புகையில் சன்னலருகே குனிந்து, "ஆண்டிபட்டி கணவாய் ஏறுறதுக்கு முன்ன இறங்கி, ஒருக்கா முடிச்சப் பாத்துக்க" என்றாள். நான் இறங்கவில்லை. முடிச்சு அவிழவுமில்லை.

இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு அது விடுதி மாடிப்படியின் கீழ் காற்றிறங்கிக் கிடந்தது. மறு ஆண்டு ஊருக்குப் போனபோது அமலி பள்ளியை நிறுத்தியிருந்தாள். தூரம், கூட நடக்க ஆளில்லை என்றார் அம்மா. நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

இன்று அவள் கம்பத்தில் கணவரோடு திராட்சைத் தோட்டம் பார்க்கிறாள். தாங்கியை வீடியோ காலில் காட்டியபோது, காருக்கு வால் முளைத்துவிட்டது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு சைக்கிள உனக்கு விட்டுட்டு வந்திருக்கணும் அமலி."

"கட்டுனதே நாந்தானக்கா. மனசில்லைன்னா லூசா கட்டியிருக்க மாட்டேனா?" என்றாள். பிறகு, "கட்டி முடிக்கிறதுக்குள்ள நீயே வேணாம்னு சொல்லிருவேன்னு நினைச்சேன்" என்றாள்.

சென்ற வாரம் கடற்கரைக்குப் புறப்பட்டோம். ஊரெல்லை தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். தாங்கியைப் பூட்டியாயிற்றே என்றார் என் கணவர். இந்த நாட்டில் ஏறுவதற்குக் கணவாய் எதுவுமில்லை. கண்ணுக்கெட்டியவரை நிலம் மட்டமாகக் கிடக்கிறது. ஆயினும் அந்த இரும்புத் தாங்கியில் என் கை ஒரு முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது.