குளியலறைக்குக் கதவில்லாத வீடு

என் அண்ணா பிறந்ததிலிருந்தே இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பேச்சும் மெதுவாகத்தான் வரும். அம்மா இறந்த பிறகு, ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் ஊனமுற்றவர்கள் உதவியாளர்களின் துணையோடு சேர்ந்து வாழும் வீடொன்றில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்து பட்டறைக்கு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் ஓடும் தொங்கு ரயிலேறித் தனியாக என் வீட்டுக்கு வருவார். நல்ல வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வாழ்பவர்களுக்கும் வயதாகும் என்பதை அதைக் கட்டியவர்கள் யோசிக்கவேயில்லை.

அறுபதை நெருங்கும்போது அண்ணாவின் கால்கள் முற்றாகச் செயலிழந்துவிட்டன. சக்கர நாற்காலி வந்தது. அது கழிப்பறையும் சேர்ந்திருந்த குளியலறையின் வாசலுக்குள் போகவில்லை. கதவைக் கழற்றினால் உரசிக்கொண்டு போகும் என்று கண்டுபிடித்தார்கள். கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிட்டார்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் வீட்டின் பொறுப்பாளர், ஒரு ஜேர்மன் பெண்.

குளிர்காலம் போய்க் கோடையும் போனது. திரை அப்படியே தொங்கியது. நேரெதிரே சமையலறை. நான் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பழைய கட்டடம், சுவரை இடிக்க ஏலாது. கட்டடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் விடுமுறையில் போயிருக்கிறார்.

ஒருநாள் அவருடைய அறைக்குப் போய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"ஏன் அண்ணா? உங்களுக்குப் பிடிச்ச தேத்தண்ணியெல்லோ?"

"குடிச்சா... போகோணும்."

"போனா என்ன?"

"எல்லாருக்கும்... கேக்குது."

சமையலறையில் யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் எங்களுக்கும் துல்லியமாகக் கேட்டது. எவ்வளவு காலமாகத் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தாரோ தெரியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்ததில் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கதவு இல்லாத கதையை அந்த டாக்டரிடம் சொன்னேன். அவர் அதைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அண்ணா தேறத் தொடங்கியதும் பொறுப்பாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்திருக்கிறோம். இனி எங்கள் வீடு அவருக்குச் சரிவராது" என்றார்.

"வீடு சரியில்லையென்றால் வீட்டைத் திருத்துங்கள். அவரை ஏன் வெளியே போடுகிறீர்கள்?" என்று ஜேர்மனில் கத்தினேன்.

"தயவுசெய்து அமைதியாகப் பேசுங்கள்."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அமைதியாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அகதி முகாமில், அலுவலகங்களில், வீடு தேடிப் போன இடங்களில். அன்றைக்கு ஏலவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன், "நீங்கள் யாராவது அவரைக் கேட்டீர்களா?"

அண்ணாவின் பக்கம் திரும்பினேன். "அண்ணா, நீங்கள் எங்கை இருக்கப் போறியள்?"

அவருக்கு வார்த்தை வர நேரமெடுத்தது. பொறுப்பாளர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"என்ரை வீட்டிலை" என்றார் அண்ணா. "கதவு... போடச் சொல்லு."

அதை அப்படியே ஜேர்மனில் சொன்னேன். ஒழுங்கான கழிப்பறை இல்லாத வீட்டுக்கு அவரை அனுப்பப் போவதில்லை என்று டாக்டரும் உறுதியாக நின்றார். திடீரென்று எல்லாம் ஏலுமாகிவிட்டது. சொந்தக்காரர் சம்மதித்தார். வாசலை அகலமாக்கி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவொன்றைப் பொருத்தினார்கள். ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. அந்தச் சின்ன வேலையைச் செய்ய மனமில்லாததால், என் அண்ணாவின் சிறுநீரகம் ஒன்று இன்றைக்கும் சரியாக வேலை செய்வதில்லை.

அவர் வீடு திரும்பிய அன்று பொறுப்பாளர் பூங்கொத்தோடு நின்றார். புதிய கதவின் முன்னால் அண்ணாவை நிறுத்தி, இணையதளத்துக்கு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். நன்றியும் சொல்லவில்லை.

அதே வீட்டின் மாடியில் அண்ணாவின் வயதையொத்த பெண்ணொருவர் இருக்கிறார். முழங்கால் வலியில் படியிறங்க முடியாமல், இப்போது அறையிலேயே தனியாகச் சாப்பிடுகிறார். அவருக்காகச் சண்டை பிடிக்க உறவென்று யாருமில்லை. மின்தூக்கி பற்றிப் பேச வேண்டும் என்று நேற்றுப் பொறுப்பாளரிடம் தெர்மின், அதாவது சந்திக்க நேரம், கேட்டேன். பெருமூச்சு விட்டார். விடட்டும்.