இரண்டு தட்டு

மாரண்டஹள்ளியில் வாங்கிய சினைமாட்டைத் தொப்பூரில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். டிரைவர் ஒல்லியான மனிதர், கழுத்தில் ஈரத்துண்டு. தளத்தில் மணல் பரப்பி, மாடு சாயாதபடி குறுக்கே மூங்கில் கட்டி, மாட்டு டாக்டரின் சர்டிபிகேட்டையும் கையில் வாங்கிய பிறகே மாட்டை ஏற்றவிட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கதவின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். பாலக்கோடு தாண்டுவதற்குள் மாடும் பழகிவிட்டது. தட்டியதும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டது.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்தது. தட்ட நேரமில்லை. பிரேக்கை மிதித்தார். பின்னால் மாடு தொம்மென்று விழுந்தது.

ஓரங்கட்டி, மேலே ஏறிக் கயிற்றைத் தளர்த்தினார். எங்களை உரசுவதுபோல் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் மாட்டோடு சேர்த்து மூன்று பேரும் காலி.

“அண்ணா, வண்டிய எடுங்க. வூடு பக்கந்தான், அங்க போயி எழுப்பிக்கலாம்” என்று கெஞ்சினேன்.

“படுத்த மாட்டோட எறக்கத்துல போனா வயித்துல அடிபடுங்க. அதுகிட்ட சொல்லாம பிரேக் போட்டது நானு. அது எந்திரிக்காம வண்டி நகராதுங்க.”

வாலை முறுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றார். ஒருவழியாக மாடு தானாகவே எழுந்தது.

வீட்டில் மாட்டை இறக்கியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். தெருமுனையில் வண்டி திரும்புமுன் கதவில் இரண்டு தட்டு கேட்டது. பின்னால் வெறும் மணல்தான் இருந்தது.