கால் பார்க்க வந்தவர்

அன்று காலை பழனியின் வீட்டில் இருந்தவர்கள்: பழனி, அவன் மனைவி செல்வி, அவனுடைய லைன் லீடர் சேகர், வீட்டு ஓனர் தேசிங்கு, அப்புறம் நான். வராதவர், "பத்து மணிக்கு டாண்ணு வந்துடறேன்" என்று சொல்லியிருந்த கம்பெனி எச்.ஆர். மேனேஜர்.

பழனி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருவில் வாடகை வீடு. போன வருடம் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது ஒரு டிரெய்லர் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால், முட்டிக்கு மேலே வரைக்கும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது போட்டிருப்பது சாதாரண செயற்கைக் கால். சமதளத்தில் பரவாயில்லை. சரிவிலும் படியிலும் முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும். தரையையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது ஹைட்ராலிக் முட்டி வைத்த கால். மடங்கும்போது பொத்தென்று விடாமல் தாங்கிப் பிடிக்குமாம். விலை நாலரை லட்சம்.

கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் இதற்கு வழி இருக்கிறது. கம்பெனியோ தெளிவாகச் சொல்லிவிட்டது — முழு ஷிஃப்டும் லைனில் நிற்க முடிந்தால் வேலை. முடியாவிட்டால் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம். கால் வந்தால்தான் வேலை. இவ்வளவுதான் விஷயம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதே நேரத்துக்கு எச்.ஆரும் வருவதாகச் சொன்னார். பழனி வேலைக்குத் தேறுவானா என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

இன்சூரன்ஸ் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பேன். பணம் கட்டச் சொல்லும்போது இவ்வளவு பெரிய எழுத்தில் இருப்பது, கொடுக்கும் இடம் வந்ததும் ஏன் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது? உங்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லையா?

ஆனால் சேகருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. காலையிலேயே வந்துவிட்டான்.

"டேய் பழனி, கஸ்டமர் ஆடிட்னு நெனைச்சுக்கோ. கேட்டதுக்கு மட்டும் பதில். எனி ப்ராப்ளம்னு கேட்டா, நோ ப்ராப்ளம் சார்னு சொல்லு. மூஞ்சி சிரிச்சா மாதிரி இருக்கணும்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பொருள் வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் ஃபேக்டரியைச் சோதிக்க வரும் நாள்தான் ஆடிட். முந்தின நாளே தரையில் மஞ்சள் கோடு புதிதாக விழும். மக்கர் பண்ணும் மெஷினுக்குக் கவர் போட்டு ஓரங்கட்டிவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவன் எவனாக இருந்தாலும், ஃபைலோடு ஒரு ஆளைப் பார்த்தால் அவன் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

சேகர் ஊன்றுகோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கால் தடுக்கும் என்று பாயைச் சுருட்டினான். பழனிக்கு ஷூ மாட்டிவிட்டான்.

"இன்னாபா சேகரு, பொண்ணு பாக்கவா வராங்கோ?" என்றார் தேசிங்கு.

"எச்.ஆர். வராருண்ணே. ஆளு ஃபிட்டுன்னு தெரியணும்ல?"

முதலில் வந்தது இன்சூரன்ஸ்காரர், கையில் ஒரு பையோடு. எடுத்த எடுப்பில் காபி வேண்டாம் என்றார். காபி வேண்டாம் என்கிறவர் வேறு எதையோ எதிர்பார்க்கிறவர்... செல்போனில் வீடியோ எடுத்தார். பாத்ரூம் எங்கே என்றார். வாசலில் எத்தனை படி என்றார். பஸ்ஸிலா, ஆட்டோவிலா என்றார். இதெல்லாம் இவருக்கு எதற்கு?

நான் அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வேண்டாமென்ற காபியைத் தட்டில் ஏந்திக்கொண்டு பழனி சமையலறையிலிருந்து வந்தான். தானே! ஒரு சொட்டு சிந்தவில்லை. குடியரசு தின அணிவகுப்பு தோற்றது.

"நடக்கறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா தம்பி?"

"ஒரு பிரச்னையும் இல்ல சார். நல்லா நடக்கேன் சார்."

"படி?"

"ஏறிருவேன் சார்."

செல்வி வாயைத் திறந்தாள். "போன வாரம் பஸ்ஸுல ஏறுறப்போ—"

சேகர் பலமாக இருமினான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர் போனதும் "ஆடிட் பாஸ்!" என்று சேகர் கை தட்டினான். அதற்கப்புறம்தான் எச்.ஆரிடமிருந்து போன். மீட்டிங்காம். இன்னொரு நாள் பார்க்கலாமாம்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. மனுதாரர் இப்போதுள்ள காலுடன் துணையின்றி நடக்கிறார், தட்டு ஏந்திப் பரிமாறுகிறார். கேட்டிருக்கும் கால் வசதிக்கானதே தவிர அவசியமானதல்ல. ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

"காபி குட்த்தவன் காலயே புட்ங்கிக்கினு பூட்டான்பா!" என்றார் தேசிங்கு.

செல்வி சேகரைப் பார்த்தாள். "அண்ணே, ஆடிட்டுன்னா மெஷினத்தான் மூடி வைப்பிய. எங்க அத்தானையும் சேத்து மூடிட்டியளே."

சேகரை மட்டும் சொல்வானேன்? எனக்கும் அன்று காலை அந்த ஏற்பாடு சரியாகத்தான் பட்டது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? 'நல்லா இருக்கேன்' என்றால் உலகம் உடனே நம்பிவிடுகிறது. 'நல்லா இல்லை' என்றால் மட்டும் ஆதாரம் கேட்கிறது.

மேல்முறையீடு எழுதினேன். டாக்டரிடம் இன்னொரு கடிதம் வாங்கி இணைத்தோம். தண்டலம் பக்கத்தில் செயற்கைக் கால் பொருத்தும் ஒரு மையத்துக்கு மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

சேகருக்கு மனசு கேட்கவில்லை. இந்த முறை நொண்டுவதற்கு டிரெய்னிங்!

"இழுத்து நட்றா. இன்னும் இழு. மூஞ்சில வலி தெரியணும்."

பழனி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது நல்ல காலு அத்தான்."

"எனக்கு இதெல்லாம் வராதுண்ணே" என்று உட்கார்ந்துவிட்டான் பழனி. "என்ன வருதோ வரட்டும்."

சேகரையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனால், அதே இன்சூரன்ஸ்காரர். அதே பை. முடிந்தது கதை என்று நினைத்தேன். தான் எழுதினதைத் தானே தப்பு என்று எந்த ஆபீசர் எழுதுவார்?

ஒரு சரிவுப் பாதையில் பழனியை இறங்கச் சொன்னார். தலையைக் குனிந்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்து இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஏறச் சொன்னார்.

"இப்ப எங்கிட்ட பேசிக்கிட்டே இறங்குங்க. எந்த லைன்ல வேலை?"

கேள்வி கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பையன் அவன். நிமிர்ந்தான். "வெல்டிங் லைன் சா—"

முட்டி மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம். செல்வி ஓடுவதற்குள் இன்சூரன்ஸ்காரரே தூக்கி உட்காரவைத்தார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? என்னை ஓரமாக அழைத்து, "நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார்.

உலகத்தில் நான் ஒருவன்தான் சந்தேகப் பிராணி என்று நினைத்திருந்தேன்.

"சார், அவருக்கு நொண்டவே வரல சார். சொல்லிக் குடுத்தப்போ நல்ல காலத்தான் இழுத்தாரு" என்றேன்.

பின்னாலேயே வந்திருந்த சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் சிரித்துவிட்டு, பழனி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வீட்ல படி, பாத்ரூம், பஸ்னு எல்லாம் எதுக்குக் கேட்டேன்? ஒரு கஷ்டம் சொன்னாக்கூட எழுதியிருப்பேனே தம்பி."

நல்ல மனிதர்தானோ? இருக்கலாம். இன்னும் நான் முழுசாக நம்பவில்லை.

பணம் அனுமதியானது. முழுசாக இல்லை. முதல் ரிப்போர்ட்டும் ஃபைலில் இருக்கிறதே! இருக்கும் காலும் பயன்பாட்டில் உள்ளதால் என்று சொல்லி ஒரு பெரிய பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். காலைப் பொருத்தி மாட்டுவதற்கான உறையும் பெல்ட்டும் பாலிசியில் சேராதாம். காலில்லாமல் உறையை எவன் வாங்குவான்? கேட்டும் பார்த்தேன். செல்வியின் சங்கிலி அடகுக்குப் போனது.

புதுக் கால் வந்தது. பழகினான். போன வாரம் கம்பெனி டாக்டர் அவனைப் படி ஏறி இறங்கச் சொல்லி, சரிவில் நடக்கவிட்டு, வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டார். வாசலில் காத்திருந்த எங்களுக்குக் கதவு வழியாகவே டாக்டர் பேசியதெல்லாம் கேட்டது.

"பிரமாதமா இருக்கேப்பா! இன்சூரன்ஸ்லயே குடுத்துட்டாங்களா? உங்களுக்கு ஒண்ணும் செலவில்லையே?"

பழனி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"இருக்கு சார். ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் ரூபா."