நாலுவிரல் அண்ணி

எங்கள் அண்ணியை ஊரே ‘நாலுவிரல்’ என்றுதான் கூப்பிடும். நாலு விரல் நுழையும் கண்ணோடு வலை பின்னியவர் கரையில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வலையில் சுண்டுவிரல்கூட நுழையாது. குஞ்சு, சினை என்று பாராமல் வழித்து வாரிவிட்டு, மீனைக் காணோம் என்று கடலைத் திட்டுகிற புத்திசாலிகள் நாங்கள்!

மீன் அற்றுப்போய் அண்ணன் வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போன வருஷம், அண்ணி மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பாறைத்திட்டுப் பக்கம் மூணு வருஷம் யாரும் போகாதீங்க. அப்புறம் என் வலையைப் போடுவோம். மீன் இல்லேன்னா உங்க இஷ்டம்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் அண்ணியும் நானும் படகில் கிளம்பினோம். வெறும் வலை வந்தால் அவருக்குத் தலைகுனிவாகுமே என்று, அவருக்குத் தெரியாமல் வலையில் மீன் சேரும் அடிமடிக்குள் பழைய பொடிக்கண் வலையை வைத்துத் தைத்திருந்தேன். பெரிய மேதாவி நான்.

இழுக்கும்போது என்ன கனம்! மடி நீர்மட்டத்துக்கு வந்ததும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆயிரக்கணக்கில் பாறைமீன் குஞ்சுகள் துள்ளின. அவற்றை நாங்கள் பார்த்துப் பல வருஷமாகிறது.

"பொறந்திருக்கு தம்பி, பொறந்திருக்கு!" அண்ணி அழுதார், சிரித்தார். அப்புறம் என் தையலைப் பார்த்துவிட்டார். அவர் முறைத்த முறைப்பில் நான் பாதியாகிவிட்டேன். கத்தியை எடுத்து உள்வலையை அறுத்தார். குஞ்சுகள் பெரிய கண் வழியே கடலுக்குள் பாய்ந்தன. மிஞ்சியது பதினோரு பெரிய மீன்.

கரையில் சங்கத் தலைவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணு வருஷம் காத்திருந்தது இதுக்குத்தானா? நாளையிலேருந்து பழைய வலைதான்!"

"குஞ்சு நெறைய இருக்கு, அண்ணே."

"உன் வலையில குஞ்சு எப்படிம்மா நிக்கும்? கதை விடாத."

அண்ணி என்னைக் கைகாட்டியிருக்கலாம், காட்டவில்லை. அந்தத் திட்டில் பொடிக்கண் வலை போட்டவனுக்கு ஒரு வருஷம் கடல் கிடையாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

எனக்குப் பொறுக்கவில்லை. படகுக்கு ஓடி, அறுத்த வலையைத் தூக்கிவந்து எல்லார் முன்னாலும் விரித்தேன். அதன் மூலையில் இன்னும் மூன்று குஞ்சு சிக்கிக் கிடந்தன.

"தச்சது நான்தான்! ஆயிரக்கணக்குல இருக்கு, என் கண்ணால பாத்தேன்!"

தலைவர் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"உனக்கு ஒரு வருஷம் கடல் கெடையாது" என்றார். "வீட்டுல உக்காந்து எனக்கு முதல்ல ஒரு நாலுவிரல் வலை பின்னு."

கரையே ஆர்ப்பரித்தது. எல்லாரையும்விட உயரமாகக் குதித்தவன் நான்தான்.