பித்தளை ஆணி

தம்பி தூத்துக்குடியில் இரண்டு ஓடங்களை இணைத்துப் பாய்மரப் படகு கட்டுகிறான். அதற்குத் திருகாணி தேடி, விருதுநகரில் காலையிலிருந்து கடை கடையாக என்னை இழுத்தடித்தான். கடைசியாக வந்த கடையில் பித்தளையையும் தள்ளிவிட்டான். "உப்புத்தண்ணிக்கு இது தாங்காதுக்கா."

என் விரலில் ஒட்டிய பித்தளை வாசனை அப்பாவுடையது. அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பொறி பறக்கும் என்று அங்கே இரும்பே கூடாது. வீட்டிலும் விடமாட்டார். சின்ன வயதில் கண்மாயில் படகு விட நாங்கள் இரண்டு முருங்கைக் கட்டைகளைச் சேர்த்தபோது, இரும்பு ஆணியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தண்ணிக்குள்ள எப்படிப்பா தீப்பிடிக்கும்?" என்று தம்பி அழுதான்.

"பித்தளை ஆணி வாங்கியாரேன், பொறுலே."

வாங்கி வந்தார். அதற்குள் கண்மாய் வற்றிவிட்டது.

அன்று அழுத அதே பயல் இப்போது அடுத்த கடைக்குக் கிளம்பினான். எனக்குக் கால் கடுத்தது.

"நடலே," என்றேன். "கடலாவது வத்தாம இருக்கும்."