தண்ணிக்கு இன்னும் தெரியல

காமிராவைத் தூக்கியவனுக்கு வெளிச்சத்தோடு மல்லுக்கட்டவே பொழுது பத்தாது. இதில் பள்ளிக்கூடத் தாளாளரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஐயா தாளாளரே, கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றவில்லை. பேரை எழுத மாட்டேன், படித்தால் உங்களுக்கே உறைக்கும்.

நான் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவன். அப்புறம் கல்யாணப் படம். இப்போது பள்ளிகளுக்கு அறிவியல் படம். கண்ணுக்குத் தெரியாத சிறுசையும் கண்ணுக்குச் சிக்காத வேகத்தையும் பெருசாக்கி மாட்டினால் பிள்ளைகள் ஏன், எப்படி என்று கேட்கும் என்று ஒரு நப்பாசை. இதே வம்பில் மாட்டிய சக காமிராக்காரர்களே, உங்கள் வயிற்றெரிச்சலும் இதுதானே?

ஈக்கு மேக்கப்

முதலில் ஓர் ஈயின் முகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து, அச்சுக்கு முன் சரிபார்க்கச் சொல்லி என் கடை டிசைனர் முருகனிடம் கொடுத்தேன். அவன் காலமெல்லாம் கல்யாண ஆல்பம் போட்ட கை. ஈயின் முகத்தில் இருந்த முடியை எல்லாம் மழித்து, கன்னத்தை மினுக்கி, நிறத்தையும் கூட்டியிருந்தான்.

“அந்த முடியாலதான்டா அது காத்தையே உணருது. அதைக் காட்டத்தானே படம்?” என்று கத்தினேன். அவன் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்: “ஆம்பளை ஈன்னு சொல்லியிருந்தா மீசையவாச்சும் விட்டிருப்பேன்ண்ணே.”

வெடிச் சத்தம்

அடுத்தது நம் தாளாளர் பள்ளி, அவனியாபுரம் தாண்டி. ஆய்வுக்கூட ஜன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கினோம். தண்ணீர் நிரப்பிய பலூனைத் தொங்கவிட்டு, அது வெடிக்கும் சத்தம் கேட்டதும் ஃபிளாஷ் அடிக்கிற மாதிரி ஒரு மைக்கை வைத்தேன். ஊசி குத்த எட்டாம் வகுப்பு பர்வீன் முன்னால் வந்தாள்.

எவனோ தும்மினான், ஃபிளாஷ் அடித்துவிட்டது. “எவன்டா அது?” என்று நான் போட்ட சத்தத்துக்கு இன்னொரு தடவை அடித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். படம் விழுந்தது. ரப்பர் உரிந்து ஓடிவிட்டது, தண்ணீர் மட்டும் பலூன் வடிவத்திலேயே அந்தரத்தில் நிற்கிறது, பக்கத்தில் பர்வீனின் விரல்.

நிலைமம், நிலைமம் என்று டீச்சர் தொண்டை வறள நடத்தியதை, காமிராவின் சின்னத் திரையைப் பார்த்த பர்வீன் ஒரே மூச்சில் சொன்னாள்: “பலூன் போயிருச்சுன்னு தண்ணிக்கு இன்னும் தெரியல சார்.”

மாலை மரியாதை

தாளாளர் படத்தின் விலையை அடித்துக் குறைத்தார், நானும் இறங்கினேன். பூச்சந்தையில் இப்படி இறங்கியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரே நிபந்தனை: படம் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே தொங்க வேண்டும், அங்கேதான் அத்தனை பிள்ளையும் வரிசையில் நிற்கும். “ஆகட்டும் தம்பி” என்றார்.

படத் திறப்பு விழா முடிந்து போய்ப் பார்த்தால், படம் அவருடைய ஏசி அறையில், நாற்காலிக்குப் பின்னால். நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம், மேலே சம்பங்கி மாலை. கேட்டதற்கு, “குழாயடியில தண்ணிய அடிச்சுப் பாழாக்கிருவாங்க தம்பி” என்றார். அதற்குள் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒருவர் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் கை கூப்பிவிட்டார்: “எந்த ஊரு லிங்கம்ங்க இது? இம்புட்டுத் தெளிவா எங்கயும் பாத்ததில்ல.”

உள்ளே போக வழி

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பர்வீன் படிக்கட்டில் மறித்தாள். அவள் விரல் இருக்கிற படத்தை அவள் இன்னும் பெரிதாகப் பார்க்கவில்லை. தப்புச் செய்த பிள்ளையை மட்டும்தான் அந்த அறைக்குள் கூப்பிடுவார்களாம். முகத்தில் விளையாட்டே இல்லாமல் கேட்டாள்: “அதைப் பாக்கணும்னா நான் என்ன தப்பு பண்ணணும் சார்?”

ஐயா தாளாளரே, அவள் அதற்குத் துணிவதற்குள் அந்த மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தைக் குழாயடியில் மாட்டுங்கள். தண்ணீர் பட்டுப் பாழானால் இன்னொரு பலூனை உடைக்க நானும் அவளும் இருக்கிறோம்.