அண்ணனைக் கடித்த பிறகு

கல்லூரி நாட்களில் எனக்குச் சோற்றைக் கண்டாலே பயம். எலும்பும் தோலுமாகிப் போனேன். ஒருநாள் ஆரணி வீட்டில், தறியை விட்டு எழுந்து வந்த அண்ணன் என் தாடையை இறுக்கிப் பிடித்துச் சோற்றைத் திணித்தான். ரத்தம் வர அவன் விரலைக் கடித்தேன். ஓங்கி அறைந்தான்.

பிறகுதான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே ஓவியம் வழியாகச் சிகிச்சை தரும் ஓர் அம்மா என்னிடம் கரித்துண்டை நீட்டினார். “சாப்டச் சொல்ல மாட்டேம்மா. உள்ள இருக்கறத வரை.”

தாள் கிழியக் கிழியக் கிறுக்கினேன். அவர் தடுக்காமல் புதுத் தாள்களை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வாயும், அதற்குள் முழங்கை வரை நுழைந்த கையும் வந்தன.

அதைப் பார்த்த அண்ணன் அழுதான். “நீ செத்துடுவியோன்னு பயந்துகினு இருந்தேன்டி.”

அன்றே குணமாகிவிடவில்லை. ஆண்டுகள் கழிந்தும் சில மதியங்களில் அந்தப் பயம் வருகிறது. முதலில் வரைகிறேன். பிறகு, யாரும் சொல்லாமலே சாப்பிடுகிறேன்.